ஒடிந்த மட்டை

விசா ஸ்டாம்பிங் ஆகவில்லை; அமெரிக்காவை விட்டுப் போனால் திரும்பி வரமுடியாதோ என்று பயம். அதனால் மொராக்கோவுக்குப் பதில் டெக்சாஸ் பண்ணையொன்றில், தலையில் வாடகை நீலத்துணியுடன், நானும் கணவரும் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறோம். வேலிக்குள் ஒரே ஒரு சுற்று. ஒட்டகத்தின் முகத்தில் எங்களைச் சுமக்கும் சலிப்பு.

"பின்னாடி ஃப்ரீவே ரோடு தெரியாம போட்டோ எடுக்கச் சொல்லணும். மொராக்கோன்னு ஸ்டேட்டஸ் போடறேன்," என்கிறார்.

"வெக்கமா இல்ல?"

"பக்கத்து வீட்டு சுதா மட்டும் மொராக்கோ போட்டோ போடலாமா?"

கயிற்றைப் பிடித்து நடக்கும் வெள்ளைக்காரப் பெண்ணிடம் கேட்டேவிடுகிறார். அவள் சிரிக்கக்கூட இல்லை. "உங்க ஊர்க்காரங்க எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க," என்று ஆங்கிலத்தில் சொல்லி, ஒட்டகத்தை மணல்மேட்டருகே நிறுத்துகிறாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் பேரீச்ச மரம். ஒரு மட்டை ஒடிந்து தொங்குகிறது.

அந்த மட்டையை எனக்குத் தெரியும். சுதாவின் மொராக்கோ படத்தில் அவள் தலைக்கு மேலே தொங்கியது இதுதான். அன்று வயிற்றெரிச்சலோடு மூன்று ஹார்ட் போட்டிருந்தேன்.

தலைத்துணியைச் சரிசெய்துகொள்கிறேன்.

"ஏங்க, அந்த மட்டையும் போட்டோல விழணும்னு சொல்லுங்க."