ஏழுமலை திருடவில்லை

ஒரு மனிதனின் வலது கண்ணைப் பறித்தவன் நான். லேப்டாப் சார்ஜரால் அடித்துப் பறித்தேன். ஒரு பழைய விளையாட்டு மெதுவாக ஓடியது என்பதற்காக.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள்... பிறகு வராது.

கள்ளக்குறிச்சியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி. கொஞ்சம் வசன கவிதையும் எழுதுவேன். வயது நாற்பத்தெட்டு. அன்றுவரை எவர் மீதும் கை ஓங்கியதில்லை. "உங்க வூட்டுக்காரரு பூச்சி மாதிரி" என்று என் மனைவியிடம் தெருப் பெண்கள் சொல்வார்கள். அவள் அதைப் பெருமையாகத்தான் என்னிடம் வந்து சொல்வாள்.

அந்தப் பூச்சி தினமும் மாலை ஆறு மணிக்கு மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப் அது. அவள் நர்சிங் படிக்கச் சேலம் போனதும் பரண்மேல் கிடந்தது. நான் இறக்கினேன். கல்யாணத்துக்கு முன்பு பிரவுசிங் சென்டரில் ஆடிய துப்பாக்கி விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றினேன். இடிந்த நகரம். சந்துசந்தாகப் பகைவர். முதலாளி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், 'மணமகள்' என்பதில் ஒரு புள்ளி விடுபட்டதற்காக எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்த நாளில் முப்பது பேரைச் சுட்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் லேப்டாப் திணறியது. என் கோபத்தின் வேகத்துக்கு அதனால் ஓட முடியவில்லை.

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில், ஒரு மேசையும் ஒரு விளக்குமாகக் கடை போட்டிருந்தவன் ஏழுமலை. வெள்ளிமலைக்கும் மேலே, கல்வராயன் மலையில் ஏதோ ஓர் ஊர்க்காரன். முப்பது வயதிருக்கும். லேப்டாப்பைக் கையில் வாங்கி, நாடி பார்ப்பவனைப்போல் காதருகே வைத்துக் கேட்டான்.

"இதுக்கு வயசாயிடுச்சு சார். ஆட்டமும் வயசான ஆட்டம்தானே. ரெண்டும் ஜோடியா ஓடும், பாருங்க."

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பு ஒன்றை மாற்றினான். நாலு ஜிபி ராம், அதாவது நினைவகம், இருந்த இடத்தில் இன்னொரு நாலைச் சேர்த்தான். "இப்ப எட்டு சார்" என்றான். விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொன்னேன். நான் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தவன் மெல்லக் கேட்டான்:

"இன்னா சார், இத்தினி பேர சுடுறீங்க... வூட்டுல எதுனா பிரச்சினையா?"

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அவனுடைய இரண்டு கண்களும் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நான்கு மாதம் வெண்ணெய்போல் ஓடியது. பிறகு ஆயுத பூஜை வந்துபோன மறுநாளே பழைய வியாதி திரும்பியது.

முதல் ஐந்து நிமிடம் மான். அப்புறம் சேற்றில் சிக்கிய மாடு. விசையை அழுத்தினால், ஒரு கணம் கழித்தே தோட்டா புறப்பட்டது. அந்த ஒரு கணத்தில் எவனோ என்னைச் சுட்டுவிடுவான். மறுபடி பிறந்தேன். மறுபடி செத்தேன். நாற்பது முறை, ஐம்பது முறை... உயிரில்லாத பொம்மைகளின் கையால் தினம் தினம் செத்துப்போகிறவனின் அவமானம் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். சுவரைக் குத்திக் குத்தி என் விரல்முட்டிகளில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

சும்மா இருக்கவில்லை. தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். திரையின் அளவைச் சுருக்கினேன். நிழல்களை அணைத்தேன். புகையை அணைத்தேன். அந்த விளையாட்டில் ரத்தத்தைக் குறைப்பதற்கும் ஓர் இடம் உண்டு. ரத்தம் குறைந்தால் கொஞ்சம் வேகம் கூடுமாம். அதையும் அணைத்தேன். பகைவர்கள் ஒரு சொட்டும் சிந்தாமல், துணி மூட்டைகளைப்போலச் சரிந்தார்கள். அப்போதும் மாடு சேற்றிலேயே நின்றது.

அப்படித் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண் கண்ணில் பட்டது. எட்டு ஜிபி என்று போட்டு, பக்கத்திலேயே, பயன்படுத்தக்கூடியது ஐந்து புள்ளி ஒன்பது என்று காட்டியது. நான் பிழை திருத்துபவன். இரண்டு எண்கள் ஒத்துப்போகாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். மிச்சம் இரண்டு எங்கே?

திருடிவிட்டான்... என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சீக்கிரம் சொல்லிக்கொண்டேன்! இதே எண் நான்கு மாதமாக அங்கேயே இருந்திருக்கலாமே, நன்றாக ஓடிய நாட்களில் நான் பார்க்கவே இல்லையே என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால்...

யோசிக்கவில்லை. மனைவியின் தம்பி சேகர் வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். பேருந்து நிலையத்தில் அவன் குரலுக்கு மறுகுரல் கிடையாது. அவனிடம் சொன்னேன்.

"மலைக்காரன்கிட்டயா குட்த்த? போயும் போயும். ஏன் மாமா, ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா?"

"நல்லவனாத்தான் தெரிஞ்சான் மச்சான்."

"தெரிவான், தெரிவான். நேத்துவரிக்கும் மேல சாராய ஊறல் போட்டுக்கினு இருந்தவன் இன்னைக்கு கம்ப்யூட்டரு பாக்குறானாம். நீ எழுந்திரு மாமா. நான் கூட வரேன்."

காலை பத்து மணி இருக்கும். மேசைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து அந்த எண்ணைக் காட்டினேன். ஏழுமலை குனிந்து பார்த்தான். பயப்படவில்லை. அதுதான் என்னை எரித்தது.

"அது எங்கியும் போவல சார். படம் காட்டுறதுக்குன்னு தனியா மெமரி இதுல கெடையாது. எட்டுலேர்ந்தே ரெண்ட எடுத்துக்கும். எல்லாத்துலயும் அப்பிடித்தான் சார்."

"கதை வுடுறான் மாமா" என்றான் சேகர்.

"கதை இல்லண்ணா. ஸ்லோ ஆவுதுன்னா வேற எதுனா இருக்கும். குடுங்க சார், கழட்டிப் பாத்துடுறேன்."

"கழட்டி, இருக்கறதையும் எடுத்துக்கவா?" என்றேன்.

அதற்குள் ஆட்டோக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். யாரோ அவன் சட்டையைப் பிடித்தான். ஏழுமலை கையை உதறினான். அவ்வளவுதான். அந்த உதறலில் அவன் விரல் என் கன்னத்தில் பட்டது. பட்டதா, உரசியதா... இன்றும் எனக்குத் தெரியாது.

சார்ஜர் என் கையில் இருந்தது. வயரின் முனையைப் பிடித்திருந்தேன். மறுமுனையில் அந்தக் கறுப்புக் கட்டை தொங்கியது. சுழற்றினேன். கவண்கல்லைப்போல் அது போய் முகத்தில் இறங்கியது. நனைந்த துணியைக் கல்லில் அறைந்த ஓசை. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு முட்டி போட்டான். விரல் இடுக்குகளில் சிவப்பு கசிந்து, மேசை விளிம்பில் சொட்டியது. இங்கே அதை அணைப்பதற்கு எந்த இடமும் இல்லை.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு முறை சுழற்றினேன். முதுகில் ஒன்று, பொத்தியிருந்த கையின்மேல் ஒன்று. உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன்... சுகமாக இருந்தது. நினைத்த கணத்தில் அடி விழுந்தது. ஒரு நொடிகூடத் தாமதமில்லை.

பிறகு மற்றவர்கள் மிதித்தார்கள். சேகர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டதும் மேசை கவிழ்ந்தது. ஊசி ஊசியான ஸ்குரூ டிரைவர்கள் சாக்கடையோரம் சிதறின. "திருட்டுப் பையா, மலைக்கே ஓடிடு" என்று எவனோ கத்தினான். ஒரு பூக்காரம்மாதான் குறுக்கே விழுந்து நிறுத்தினாள்.

புகார் எதுவும் போகவில்லை. பேசி முடித்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கண் போய்விட்டது என்பதை ஒரு வாரம் கழித்துச் சேகர்தான் சொன்னான், மழை வரும்போல என்று சொல்கிற குரலில்.

அந்த வாரம்தான் லேப்டாப்பை நானே திறந்தேன். ஏன்? போலி ராமைக் கையில் எடுத்து நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று. என் அடிக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

அடி மூடியைக் கழற்றினேன். இரண்டு ராமும் இருந்தன. நாலு, நாலு. அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்ன விசிறி. அதிலிருந்து சூடான காற்று வெளியே போகிற தகட்டு ஜன்னல்... அந்த ஜன்னல் முழுக்க மஞ்சளாக எதுவோ அடைத்து, கல்லாக இறுகிக் கிடந்தது. நடுவில் ஒரு சிவப்பு வட்டம்.

சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜையன்று நான் வைத்தது. பைக்குக்கு, மிக்சிக்கு, கிரைண்டருக்கு, என் சிவப்புப் பேனாவுக்கு வைத்துவிட்டு, லேப்டாப்புக்கும் வைத்தேன். மூடியில் வைத்தால் மகள் ஒட்டிய ஸ்டிக்கர் பாழாகும் என்று பின்விளிம்பில் வைத்தேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், தாராளமாக, பக்தியோடு, உள்ளே இறங்கும்படி வழித்து வைத்தேன். மூச்சு விடும் வாயை நானே அடைத்திருக்கிறேன். சூடு வெளியே போக வழியில்லாமல், வெந்து சாகாதிருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. காய்ந்த சந்தனத்தில் ஒரு ரேகை பதிந்திருந்தது. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

"குடுங்க சார், கழட்டிப் பாத்துடுறேன்" என்றானே... கொடுத்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுதேன் என்று எழுத ஆசைதான். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்து வந்து, சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தேன். மூடியைப் பூட்டினேன். விளையாட்டை ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய்போல் ஓடியது. ஒன்றரை மணி நேரம் ஆடினேன்.

கண்ணைப் பறித்தது கோபம் என்று யாராவது மன்னிக்கலாம். இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

யாரிடமும் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் "மலைத் திருடன்" கதை நாளுக்கொரு கிளை விட்டது. முப்பது லேப்டாப்பில் கை வைத்தான் என்றார்கள். நான் டீயை ஊதிக் குடித்துக்கொண்டு கேட்டேன்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கரும்புக் காடெல்லாம் கீழே போய், கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைத்தது. இரண்டு பேரிடம் விசாரித்து அவன் வீட்டைக் கண்டுபிடித்தேன். மரவள்ளிக் கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். வலது இமை குழிந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது.

உட்காரச் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"சந்தனம்..." என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை கட்டுவதை நிறுத்தாமலே கேட்டான்.

"விசிறிதான்னு எனக்கு அப்பவே தோணுச்சுங்க. சத்தம் ஒரு தினுசா இருந்துச்சு."

"என்ன செய்யணும் சொல்லு ஏழுமலை. எதுவானாலும்..."

"கண்ணப் பத்திப் பேச வேணாம் சார். இந்த வேலைக்கு ஒரு கண்ணு போதும். பேருதான் வேணும்." கயிற்றைப் பல்லால் இழுத்து முடிந்தான். "சங்கராபுரத்துல ஒரு செல்போன் கடைக்காரரு, கடையில ஓரமா எடம் தரேன்னாரு. ஒங்க ஊர்ல விசாரிச்சுட்டுச் சொல்றேன்னு போயிருக்காரு. வருவாரு. வந்தா, அவன் எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. அடிச்சவரே சொல்றாருன்னு."

சொல்கிறேன் என்றேன். அவன் கையைப் பிடிக்கப் போனேன். கையில் கயிறு இருக்கிறது என்பதுபோல் விலக்கிக்கொண்டான்.

நாலாம் நாளே அந்தச் செல்போன் கடைக்காரர் வந்தார். சாதுவான மனிதர், டி.வி.எஸ் வண்டியில் ஹெல்மெட்டோடு. அச்சக வாசலில் சேகரும் நானும் நின்றிருந்தோம். உள்ளே முதலாளி இருந்தான்.

"ஏழுமலைன்னு ஒரு ஆளு... இங்க கட வச்சிருந்தாராம். ஆளு எப்பிடிங்க?"

சேகர் முந்திக்கொண்டான். "சரியான எடத்துலதான் வந்து கேக்குறீங்க. இன்னா மாமா, சொல்லு. ஒன்கிட்டதானே மொதல்ல ஆட்டயப் போட்டான்?" என் தோளில் கை போட்டான். "எங்க மாமா வாயில்லாப் பூச்சிங்க. அவரையே கை நீட்ட வச்சிட்டான்னா பாத்துக்கோங்க."

வாக்கியம் தயாராக இருந்தது. இரண்டே சொல். ஏழுமலை திருடவில்லை. எழுவாய், பயனிலை... ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். நாக்கின் நுனிவரை வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. அப்படியானால் நான் யார்? சேகர் யார்? மிதித்த கால்கள் எல்லாம் யாருடையவை? தோள்மேல் கிடந்த அந்தக் கை கனத்தது. உள்ளே முதலாளி தலையை நிமிர்த்தினான்.

"எதுக்கும்... நீங்களே நல்லா விசாரிச்சுக்கறது நல்லதுங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். மெல்லத் தலையாட்டினார்.

"புரியுதுங்க. நல்லவேள கேட்டேன். ரொம்ப நன்றிங்க."

கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

சார்ஜர் ஒரு கண்ணைத்தான் எடுத்தது. அந்த மரியாதையான வாக்கியம் மிச்சத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு ரத்தம் வரவில்லை, ஓசை வரவில்லை, யாரும் குறுக்கே வந்து விழவில்லை.

உங்களிடம் மட்டும் எப்படி இவ்வளவையும் சொல்ல முடிகிறது என்று கேட்பீர்கள். நீங்கள் எங்கள் பேருந்து நிலையத்தில் இல்லை. சேகரை உங்களுக்குத் தெரியாது. என் தோளில் உங்கள் கை இல்லை, இதைப் படித்துவிட்டு நீங்கள் அதை எடுத்துக்கொள்ள.

சங்கராபுரம் பஸ் அச்சக வாசலில்தான் திரும்புகிறது. அந்தச் செல்போன் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இன்று காலையிலும் நடத்துனர் என்னைப் பார்த்து, "வர்றீங்களா சார்?" என்று கேட்டார்.

இல்லை என்று கையசைத்தேன்.