அக்கா சொன்ன ஜப்பான் கதை

எங்கள் வீட்டில் ஜப்பானை நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெரியப்பாவுக்கு அது மோட்டார் செய்கிற ஊர். அப்பாவுக்கு டி.வி. செய்தியில் அடிக்கடி நிலம் ஆடுகிற ஊர். எனக்கோ, பெரிய பெரிய கண்களுடன் பெண்கள் அழுதுகொண்டே இருக்கிற நாடு. அவர்கள் அழும்போது பின்னால் காரணமில்லாமல் பூக்கள் உதிரும். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு அது மிகவும் நியாயமாகப்பட்டது.

இந்த அறிவையெல்லாம் எனக்குத் தந்தவள் அக்கா, பெரியப்பாவின் ஒரே மகள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணையை ஒட்டி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். அக்கா சேலத்தில் கல்லூரியில் சேர்ந்து, ஃபேர்லேண்ட்ஸில் ஒரு விடுதியில் தங்கியிருந்தாள். சனிக்கிழமைதோறும் வருவாள். அறைத்தோழி அவள் போனில் ஒரு படக்கதைத் தொடரை ஏற்றிக் கொடுத்திருந்தாள். ஜப்பான்காரர்கள் பெண்பிள்ளைகளுக்கென்றே வரைவது, யாரோ ஆங்கிலப்படுத்தியது. வலப்பக்கம் ஆரம்பித்து இடப்பக்கம் போக வேண்டும். நான் முதலில் இடமிருந்து பார்த்துவிட்டு, அழுதவள் ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டு அக்காவைச் சிரிக்க வைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் இருவரும் படுத்துக்கொள்வோம். அக்கா படத்தைக் காட்டிக் கதை சொல்வாள். பெயர்கள் என் வாயில் நுழையவில்லை என்பதால் கதாநாயகிக்குப் பெரியகண்ணி என்று பெயர் வைத்தோம். பெரியகண்ணியின் வீட்டில் ஒரு பூட்டிய அறை. அந்த வீட்டுக் கண்ணாடியில் அவளுக்கு மட்டும் ஒரு பெண் தெரிவாள். பேசமாட்டாள், வெறுமனே பார்ப்பாள். அது யார் என்று வீட்டில் எவரைக் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

“அது அவங்க அத்தை” என்றாள் அக்கா ஒரு நாள். “அப்பாவோட கடைசித் தங்கச்சி. பெரியகண்ணிக்கு எட்டு வயசா இருக்கறப்போ செத்துப் போயிட்டாங்க.”

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் அந்த அத்தையின் கதைதான். சொல்லும்போது அக்காவின் விரல் திரையைத் தள்ளுவதே இல்லை. ஒரே படத்தில் அரை மணி நேரம் நிற்கும். படத்தில் ஒரு கட்டத்துக்குள் இத்தனை கதை எப்படி இருக்கிறது என்று நான் வியந்ததுண்டு. ஜப்பான்காரர்கள் சின்ன இடத்தில் நிறைய அடைத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அத்தையின் கதையை முடித்த அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாருகிட்டயும் சொல்லாத சாமி” என்றாள். நானும் தலையாட்டினேன். பத்து வயதில் தலையாட்டுவது எளிது.

அந்த ஆவணியில் தம்பிக்குக் காது குத்தினோம். குலதெய்வக் கோவிலில் பந்தல் போட்டு, கிடா வெட்டி, அப்பா வழி, அம்மா வழி இரண்டு சொந்தமும் கூடியிருந்தது. முதல் பந்தி ஆண்கள் உட்கார்ந்த நேரத்தில் கரண்ட் போய், காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த குழாய் ஒலிபெருக்கி நின்றது. பந்தல் திடீரென்று அமைதியானது. என் அம்மாவின் அண்ணன், ஜலகண்டாபுரத்து மாமா, எங்கே போனாலும் ஆளைச் சிரிக்க வைக்கிறவர். அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

“ஏஞ்சாமி, பாட்டு நின்னு போச்சு. நீ ஒரு கதையாச்சும் சொல்லு, கேட்டுக்கிட்டே கறியத் திங்கறோம்.”

புதுப் பாவாடையின் தைரியத்தில் பந்தியின் நடுவில் போய் நின்று ஆரம்பித்தேன். பெரியகண்ணி, கண்ணாடி, அத்தை. எல்லோரும் கேட்டார்கள். அந்த அத்தை கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருவனோடு போய்விட்டாள் என்றேன். வேற ஆளுங்க என்பதால் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். இரண்டு அண்ணன்கள் போய், நாமளே முறையாகக் கல்யாணம் பண்ணி வைக்கிறோம் என்று அழைத்து வந்தார்கள்.

“அழைச்சிட்டு வந்து தீவன ரூம்ல உட்டுட்டாங்க” என்றேன்.

மாமா வாய்விட்டுச் சிரித்தார். “ஜப்பான்லயும் கோழிப்பண்ணை இருக்குதா?”

சிலர் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் ஏறியது. உள்ளே ஒரு டம்ளரில் மருந்தை வைத்துவிட்டுப் பெரிய அண்ணன் வெளியே தாப்பாப் போட்டதை நடித்தே காட்டினேன். சின்ன அண்ணன் யாரும் வராமல் கேட்டில் நின்றான். அத்தை, “அண்ணா, அண்ணா” என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் சத்தம் இல்லை.

“அப்புறம் ஊர்ல எல்லார்த்துகிட்டயும் மஞ்சக்காமாலைன்னு சொல்லிட்டாங்க” என்று முடித்தேன்.

அப்பாவின் கடைசித் தங்கையான எங்கள் அத்தையும் நான் கைக்குழந்தையாக இருந்தபோது மஞ்சள் காமாலையில்தான் போனாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த நோய் ஜப்பானிலும் இருப்பது எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

யாரும் கை தட்டவில்லை. அப்பா பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவர், ஒருவருடைய டம்ளர் நிறைந்து வழிந்து இலையெல்லாம் ஓடியும் ஊற்றிக்கொண்டே நின்றார். அந்த இலையில் உட்கார்ந்திருந்தவரும் இலையை நகர்த்தவில்லை. அக்கா ரசவாளியுடன் பந்தல் காலருகே நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா சோற்றை முடித்து, இலையை மடித்து, கை கழுவிவிட்டு வந்தார். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

“நல்ல கதை சாமி. யாரு சொன்னாங்க?”

“அக்காதானுங்க பெரியப்பா. அவங்க போன்ல இருக்குது.”

யாரோ அக்காவின் போனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கு ஆங்கிலம் வராது. பெரிய கண்களையும் பூக்களையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு என் கையில் கொடுத்தார்.

“அந்தத் தாப்பாப் போட்ட கதவு எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்.”

நான் தேடினேன். பூட்டிய அறை இருந்தது; அதன் முன்னால் பெரியகண்ணி தனியாக நின்றாள். கண்ணாடி இருந்தது. கடல் இருந்தது. தீவன மூட்டை இல்லை, டம்ளர் இல்லை, கேட்டில் நிற்கிற அண்ணன் இல்லை. இரண்டாவது முறையும் முதலிலிருந்து தேடினேன். நான் பொய் சொன்னதாக இத்தனை பேரும் நினைத்துவிடுவார்களே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன்.

“இதுல இல்லீங்க. அது அக்கா வாயில சொன்னது. சத்தியமா அவங்கதான் சொன்னாங்க.”

“செரி சாமி. நீ பொய் சொல்லமாட்டே, எனக்குத் தெரியும்” என்று பெரியப்பா என் தலையைத் தடவினார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிறிது நேரத்தில் கரண்ட் வந்து பாட்டும் வந்தது. இரண்டாம் பந்தி உட்கார்ந்தது.

அக்கா அதன்பிறகு விடுதிக்குப் போகவில்லை. அவள் பெட்டியையும் புத்தகங்களையும் பண்ணையின் முட்டை வண்டி எடுத்து வந்தது. ஐப்பசி முடிவதற்குள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நடந்தும் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் ரிக் வைத்திருப்பவர்கள். வண்டிகள் ஓடுவது வடநாட்டில்; அக்காவையும் அங்கேயே அழைத்துப் போய்விட்டார்கள். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். பத்து வயதுப் பெண்ணுக்கு அப்பாக்கள் அப்படித்தான் ஆகிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்து நான் மறுத்த வருடம் அம்மா வாய் திறந்தாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னாள்.

“அவ கதவத் தட்டுனது எனக்கும் கேட்டுது சாமி. நீ கையில இருந்த. சத்தத்துல அழுத. உன்னையத் தூக்கிட்டு நான் மாடிக்குப் போயிட்டேன்.”

“அக்கா?”

“அந்தப் புள்ளயத்தான் யாரும் தூக்கிட்டுப் போகல. வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு.”

பிறகு அந்தத் தொடரைத் தேடிப் பிடித்து முழுவதும் படித்தேன். கண்ணாடியில் வருவது பெரியகண்ணியின் அம்மா. நோயில் இறந்தவள். அந்த நோயை மறைத்ததற்காகவே வீடு முழுவதும் பல பாகங்களுக்குக் குற்ற உணர்ச்சியில் புழுங்குகிறது. ஒரே ஒரு அண்ணன், நல்லவன். கடைசியில் அவனே பூட்டைத் திறந்து அம்மாவின் கடிதங்களைத் தங்கையிடம் கொடுக்கிறான். எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். பக்கம் பக்கமாகப் பூக்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அக்காவுக்குப் போன் செய்தேன். பண்டிகைக்குப் பேசுவது போக நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கதையை நான் சபையில் சொல்லியிருக்கக் கூடாது என்று திணறித் திணறிச் சொன்னேன். அந்தப் பக்கம் ரிக் ஓடுகிற சத்தம் கேட்டது.

“எந்தக் கதை சாமி?” என்றாள். பிறகு, “அங்க மழை உண்டா?” என்று கேட்டாள்.

நான் கேட்க நினைத்ததை மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் எட்டு வயதில் கேட்டதைப் பத்து வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். சொல்வதற்கு அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள், எதுவும் புரியாத நான். புரியாது என்பதால்தான் என்னிடம் சொன்னாள்.

கல்யாணத்தன்று அவளைக் காரில் ஏற்றுகிற நேரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மண்டபத்து வாசலில் பெரியம்மா அழுதுகொண்டிருந்தாள். அக்கா அழவில்லை. மாலையோடு குனிந்து என் கன்னத்தைப் பிடித்தாள்.

“நீ நல்லா கதை சொல்ற சாமி. ஒண்ணு உடாம சொன்ன.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “மிச்சக் கதைய எப்பக்கா சொல்லுவ?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் கார்க் கதவைச் சாத்திவிட்டார்கள். கையைக்கூட ஒழுங்காக ஆட்டாமல் நான் மண்டபத்துக்குள் ஓடினேன். அக்கா என்னைப் பாராட்டிவிட்டுப் போனாள் என்று அன்று மாலை முழுவதும் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.