குப்புறப் படுக்கவிடாத சொந்தங்கள்

பதினோரு வருடமாக நான் பார்க்கும் வேலை, கண் ஆபரேஷன் முடிந்தவர்களைக் குப்புறப் படுக்க வைப்பது. தர்மபுரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். விழிக்குள் இருக்கும் ஜெல்லை எடுத்துவிட்டு, பிய்ந்த விழித்திரை ஒட்டுவதற்காக டாக்டர் உள்ளே வாயுவை நிரப்புவார். அந்தக் குமிழி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால், ஒரு வாரம் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருந்து, பார்க்க வரும் கூட்டத்திடம் சிக்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

இந்திராணி அக்காவின் கதையை மட்டும் சொல்கிறேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். இடது கண் முன்பே போய்விட்டது. ஆபரேஷன் செய்த வலது கண்தான் மிச்சம். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்ததால், அதிகாரம் முழுக்கக் கணவரின் அண்ணன், வீட்டின் பெரியவர் கையில்.

எடுத்தது எங்கே?

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும் பெரியவர் என்னை மறித்தார். எடுத்த ஜெல்லை அவர் பார்த்தாக வேண்டுமாம். அதைக் கண்ணுக்குள்ளேயே பொடிப்பொடியாக வெட்டி ஊசிக்குழாய் வழியாக உறிஞ்சிவிடுவார்கள், காட்ட ஒன்றும் இருக்காது என்று மூன்று முறை சொன்னேன். அவர் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரிக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப தட்டுல வெச்சுக் காட்டுனாங்க. நீங்க எடுத்தீங்களா இல்லையான்னு எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

ஆப்பிளும் ஹார்லிக்ஸும்

மறுநாள் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பை ஆப்பிள், ஹார்லிக்ஸ். வந்தவர்கள் எல்லாரும் "நிமிந்து பாரு சாமி" என்று ஒரே பாட்டு. பெரியவர்கள் வந்து நிற்கும்போது முகம் கொடுக்காமல் படுத்திருக்கக் கூசி, அக்காவும் தலையைத் தூக்கப் போனார். நான் ஓடிப்போய்ப் பிடரியைப் பிடித்து அழுத்தினேன். ஒற்றைக் கண்ணோடு படுத்திருப்பவரிடம் இவர்களுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தித்தான் கூட்டத்தை வெளியேற்றினேன். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"முதுகப் பாத்துட்டுப் போறதுக்கா ரெண்டு மணி நேரம் வண்டியில வந்தோம்?"

நேர்த்திக்கடன்

வீட்டுக்கு அனுப்பும்போது அக்காவின் கையில் பச்சைப் பட்டை ஒன்றைக் கட்டினோம். வாயு கரையும்வரை மலை ஏறக் கூடாது. மேலே போகப் போகக் குமிழி உப்பி, கண்ணை நெரித்துவிடும். பெரியவரிடமும் சொன்னேன், தலையாட்டினார். பத்தே நாளில், கண் பிழைத்ததற்கு மலைமேல் குலதெய்வத்துக்கு வெள்ளிக் கண்மலர் சாத்த டெம்போ பிடித்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பட்டையோடு கோயிலுக்குப் போகக் கூடாதென்று அதையும் கத்தரித்துவிட்டார்.

நாலாவது வளைவில் அக்காவுக்குக் கண் தெறிக்கும் வலி. "பத்து நிமிசம் பொறுத்துக்க" என்றாராம் பெரியவர். அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அக்கா, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தி இறங்கி, கீழே வந்த பால் வண்டியில் ஏறிக்கொண்டார். அடிவாரத்திலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"சாமிக்கு வெள்ளிக் கண்ணு குடுக்கலாம்னு மாமா கூட்டியாந்தாரு சிஸ்டர். போற வழியிலயே என் கண்ணைக் கேக்கறாருங்க!"

நாலாவது வரி

அன்றே வரவழைத்து அழுத்தத்தைக் குறைத்தோம். இரண்டு மாதம் கழித்து வாயு முழுக்கக் கரைந்தது. சுவரில் இருந்த எழுத்துகளில் நாலாவது வரிவரை அக்கா நிறுத்தி நிறுத்திப் படித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர், "எல்லாம் அன்னிக்கு நான் மேல போய்ச் சாத்துன கண்மலரு மகிமைங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கு உங்க பேச்சக் கேட்டு நிமிந்திருந்தா, இன்னிக்கு உங்க மூஞ்சியே எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க மாமா."

கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்க எங்கள் டாக்டருக்கு ஒரு மணி நேரம் போதும். சொந்தக்காரர்களைக் கட்டிலருகிலிருந்து எடுக்கத்தான் இன்னும் ஒரு கருவி வரவில்லை.