நித்யாவின் படிவம் என் பையில்தான் இருந்தது

பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்றவன் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பல்லாவரத்தில் ஒற்றை லேத் மெஷினோடு ஆரம்பித்து ஒன்பது மெஷின் ஓடும் பட்டறை ஆக்கினேன். சேலையூரில் மூன்று மாடி எழுப்பினேன். அதற்கும் மேலே, ஜவ்வாது மலையில் இளைஞர்களுக்குக் காட்டு முகாம் நடத்தினேன். செல்போனை வாங்கி வைத்துவிட்டு, மலையேறவும் மழையில் அடுப்பு மூட்டவும் கற்றுக்கொடுத்தேன். படித்தவன் எவனும் செய்யாததைச் செய்தேன்!

அப்படிப்பட்ட நான்தான் ஒரு பெண்பிள்ளையின் வாழ்வைக் கெடுத்தேன். கெடுத்துவிட்டு, அந்தப் பழியை என் நண்பனின் பைக்குள் என் கையாலேயே செருகினேன்.

படிக்கிற உங்களுக்கு முகம் சுளிக்கிறதா? சுளிக்கட்டும். முழுதும் கேளுங்கள்.

நண்பன் பெயர் ஞானராஜ். என் பட்டறைக்கு ஃபிட்டராக வந்தவன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். முகாமை இருவரும் சேர்ந்தே நடத்தினோம். எனக்கு ஆங்கிலம் வராது என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மருந்துச் சீட்டு முதல் ஓட்டல் மெனு வரை எனக்காகப் படிப்பான். வெளியே ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

அந்தக் கோடை முகாமுக்குத் தாம்பரத்தில் பஸ் நின்றது. பெற்றோர்கள் ஆங்கிலத்தில் நிரப்பிய படிவங்களை நீட்டினார்கள். பிள்ளைகளின் உடம்பைப் பற்றிய விவரம் எல்லாம் அதில்தான். ஞானராஜ் எப்போதும்போல, "குடு அண்ணா, எல்லாத்தையும் நானே பாத்துக்கிறேன்" என்றான்.

சுற்றிலும் படித்த முகங்கள்… எனக்குச் சுருக்கென்றது.

"இன்னாடா, எனக்குப் படிக்கத் தெரியாதா? பாதிய இப்டி தள்ளு!"

அவன் பாதியைப் பிரித்துக் கொடுத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். தலையை வேறு ஆட்டினேன். பிறகு பையில் போட்டேன்.

நித்யாவின் தாள் அந்தப் பாதியில் இருந்தது. பதினைந்து வயது. எங்கள் முகாமுக்கு மாணவிகளை அனுப்பும் ஆசிரியை கல்பனாவின் அண்ணன் மகள். அண்ணன் குமரவேல் தயங்கினாராம். கல்பனாதான் வற்புறுத்தி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் ஓடைக்குப் போனோம். "பையெல்லாம் கூடாரத்துலயே கெடக்கட்டும், கைய வீசினு நடங்க!" என்று உத்தரவு போட்டவன் நானே. பாறை இடுக்கிலிருந்து தேனீக்கள் கிளம்பின. எல்லோரையும் கொட்டின. எல்லோரும் அழுதார்கள். நித்யா மட்டும் அழவில்லை. முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. பேச்சு வரவில்லை. கையை மட்டும் கூடாரத்துப் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டினாள்.

படுக்கணும் போலிருக்கிறது என்று நினைத்தேன். "கொஞ்சம் பொறும்மா" என்றேன்… பொறும்மா என்றேன்!

போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்கினோம். ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். ஞானராஜ் தன் ஃபைலை என்னிடம் கொடுத்துவிட்டு டாக்டரின் பின்னால் ஓடினான். அந்த இடைவெளியில்தான் என் பையிலிருந்த தாளை எடுத்து ஒரு நர்ஸம்மாவிடம் நீட்டினேன். அவர் படித்துச் சொன்னார்: தேனீ கொட்டினால் இந்தப் பெண்ணுக்கு மூச்சு அடைக்கும். அதற்கான ஊசி அவளுடைய பையிலேயே இருக்கிறது.

கூடாரத்தில் கிடந்த பையில்! அவள் கை காட்டிய திசையில்!

அந்த நிமிடத்தில் மனிதனாக இருந்திருந்தால் நான் தரையில் விழுந்து கதறியிருப்பேன். நான் என்ன செய்தேன்? தாளை நான்காக மடித்தால் சந்தேகம் வரும் என்று யோசித்தேன். மடிக்காமல், ஞானராஜின் ஃபைலில், மற்றத் தாள்களுக்கு நடுவே வைத்தேன்.

குமரவேல் ஓடி வந்தார். "எழுதிக் குடுத்தேனே சார்! யார் கைல இருந்துச்சு அந்த ஃபாரம்?"

ஞானராஜ் ஃபைலைத் திறந்தான். புரட்டினான். நின்றான். அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"என்கிட்டதான் இருந்துச்சு சார்… நான்தான் பாக்காம வுட்டுட்டேன்."

அவன் எனக்காகப் பொய் சொல்லவில்லை. உண்மையென்றே நம்பினான். இன்றும் நம்புகிறான். அதன் பிறகு அவன் மலைப்பக்கம் வரவேயில்லை.

நித்யா பிழைத்தாள். மூளைக்குக் காற்று போகாத நேரம் அதிகமாம். இடது கை இன்னும் எழும்பவில்லை. பேச்சு குழறுகிறது.

ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டே கிடந்த ஞானராஜுக்கும் கல்பனாவுக்கும் எப்படியோ பேச்சு வளர்ந்தது. இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் என்றார்கள். அவன் கிறிஸ்தவன், அவள் இந்து. அதுகூடப் பெரிய தடையாக இல்லை. "எம் பொண்ண இப்டி ஆக்கினவன் எனக்கு மாப்ளையா?" என்று குமரவேல் உறவையே அறுத்துக்கொண்டார். கல்பனா என்னிடம் சொன்னாள்: "தப்பு பண்ணிட்டு மறைக்காம ஒத்துக்கிட்ட மனுஷன் அண்ணா அவரு. அதுக்காகவே கட்டிக்கிறேன்."

நான் தலையாட்டினேன். படிவத்துக்குத் தலையாட்டியதுபோலவே.

மூன்று ஞாயிறு ஆலயத்தில் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது விஷயம் தெரியுமா என்று போதகர் கேட்டார். மூன்று முறையும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தடை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தடையை நீக்கச் சொல்ல வேண்டியது இருந்தது. பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன்.

கல்யாணம் புதன்கிழமை. "ஒம்போது வரைக்கும் எமகண்டம், பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள ஐயரும் ஐயரும் பேசி முடிச்சுக்கட்டும்" என்று கல்பனாவின் அம்மா போதகருக்கும் புரோகிதருக்கும் சேர்த்தே உத்தரவு போட்டார். ஆலயத்தில் மோதிரம் மாற்றினார்கள். பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். ஆங்கிலத்தில் நான் எழுதக்கூடியது அது ஒன்றுதான். சாட்சி! நானா?

பிறகு கேம்ப் ரோடு மண்டபம். கோட்டைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டு ஞானராஜ் வாசலில் நின்றான். பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கைபிடித்து மேடைக்கு அழைத்துப்போவது அவர்கள் வழக்கம். செம்பில் தண்ணீர் இருந்தது. ஊற்ற அண்ணன் இல்லை. எல்லோர் கண்ணும் தெருவைப் பார்த்தது… குமரவேல் வரவில்லை.

கல்பனா என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க நில்லுங்க. எங்க அண்ணன் எடத்துல."

யாரால் அந்த இடம் காலியானதோ அவனையே அங்கே நிற்கச் சொன்னாள்!

செம்பை வாங்கினேன். குனிந்தேன். ஞானராஜ் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டான். "இன்னா அண்ணா, முதலாளி போயி என் கால கழுவினுகீறியே… விரலெல்லாம் கிரீஸ் இருக்கும், பாத்து!" பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவன் குரல் இறங்கியது. "நித்யா அப்பா வந்திருந்தார்னா அவர் கால நான் கழுவியிருப்பேன் அண்ணா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? தண்ணீரை ஊற்றினேன். அவ்வளவுதான். தாலி ஏறியது, மேளம் கொட்டியது, நான் சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிடவும் செய்தேன்.

இதை மன்னிப்புக்காக எழுதவில்லை. மன்னிப்பை வாங்கி எங்கே வைப்பேன்? நித்யாவின் கையிலா?

முகாமின் வாசல் வளைவில், தண்ணீர்த் தொட்டியில், பிள்ளைகள் உட்காரும் சிமெண்ட் பெஞ்சில்கூட என் பெயர் இருக்கிறது. பெயர் விட்டுப்போன இடத்திலெல்லாம் சண்டை போட்டுப் போட வைத்தவன் நான். இதோ, ஒரே ஒரு இடத்தில் என் பெயர் விட்டுப்போயிருக்கிறது. அங்கே ஞானராஜின் பெயர் இருக்கிறது. குமரவேல் சார், அதை அடித்துவிடுங்கள். அது அவன் செய்ததல்ல. தாளைப் படிக்காமல் தலையாட்டியவன் நான், பையை விட்டு வரச் சொன்னவன் நான், தாளை மாற்றி வைத்தவன் நான். முழுக்க என் வேலை. என் பெயரைப் போடுங்கள்!