அவர் கேட்டதும் நான் சொன்னதும்

என் கணவர் கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலப்பவராக இருந்தார். டாக்டர் எழுதிக் கொடுக்கும் துண்டைப் பார்த்து, நோயாளி கொண்டுவரும் போத்தலில் மிக்ஸ்சரைக் கலந்து ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் கடதாசிப் பட்டியை ஒட்டிக் கொடுப்பார். நாங்கள் வெள்ளவத்தையில், கடலை நோக்கிப் போகும் ஓர் ஒழுங்கையில் பாதி வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து மூன்று வருடம். பிள்ளைகள் இல்லை. உலக யுத்தம் தொடங்கியிருந்தது.

அந்த வருடம் கொட்டாஞ்சேனையில் நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று நெருப்புக் காய்ச்சலில் இறந்துபோனது. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அதன் தகப்பன் வந்து மிக்ஸ்சர் வாங்கிப் போயிருந்தான். பிள்ளை இறந்த அன்று பின்னேரம் என் கணவர் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். தேத்தண்ணீரைக் கையில் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“நான் மருந்தைப் பிழையாக் கலந்திருப்பனோ?” என்று கேட்டார்.

“சீ, இல்லை. உங்களுக்கு அப்பிடி நடக்காது” என்றேன்.

முகம் தெளிந்தது. தேத்தண்ணீரைக் குடித்தார். இரவு நன்றாக நித்திரை கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலமா என்று நினைத்தேன்.

மறுநாளும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். ஒரு கிழமைக்குள் சாப்பிடும்போது ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை என்று ஆனது. நஞ்சு மருந்துகள் வைக்கும் அலுமாரி டிஸ்பென்சரியில் தனியாக இருந்தது. கை தவறி அதிலிருந்து ஒரு போத்தலை எடுத்துவிட்டேனோ என்பதுதான் அவர் பயம். டாக்டர் நல்ல மனிதர். என் கணவரைக் கூட்டிக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்து, அந்தப் போத்தலின் மெழுகு முத்திரை உடையாமல் இருப்பதைக் காட்டினார். பிள்ளை இறந்தது காய்ச்சலால்தான் என்றும், தானே போய்ப் பார்த்ததாகவும் சொன்னார். அன்றைக்கு என் கணவர் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாலாம் நாள், அது பழைய முத்திரைதானா, யாராவது பிறகு புது மெழுகு வைத்திருப்பார்களா என்று கேட்கத் தொடங்கினார்.

அதன் பிறகு நித்திரை போய்விட்டது. படுத்து அரை மணித்தியாலத்தில் எழும்பி உட்கார்ந்துவிடுவார். நெஞ்சு அடிப்பது பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கே தெரியும். விளக்கேற்ற முடியாது, விமானங்களுக்குப் பயந்து தெருவெல்லாம் இருட்டடிப்பு. அந்த இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்து, “சொல்லும்” என்பார். “நீங்கள் சரியாத்தான் கலந்தனீங்கள்” என்று நான் முழுதாகச் சொல்ல வேண்டும். ஒரு சொல் விடுபட்டால் அவருக்கு அது செல்லாது. சொன்னதும் மூச்சு இறங்கும். கண் மூடுவார். நான் சரிந்து படுப்பதற்குள் மறுபடி கை வரும்.

யப்பான் விமானங்கள் வந்த அந்தக் காலை, வளவில் வெட்டிய பதுங்கு குழிக்குள் பக்கத்து வீட்டாரோடு நாங்களும் குந்தியிருந்தோம். நிலம் அதிர்ந்தது. ஒரு பெண் வாய்விட்டுத் தேவாரம் பாடினாள். என் கணவர் என் காதருகே குனிந்தார். குண்டைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டதும் அந்தப் போத்தலைப் பற்றித்தான். நான் அங்கேயும் பதில் சொன்னேன்.

அதன் பின் ஒழுங்கையில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள், “குண்டுச் சத்தம் அவரைப் பாதிச்சிட்டுது” என்று இரக்கப்பட்டார்கள். நான் மறுக்கவில்லை. அந்தக் காரணத்தைச் சொல்வது எனக்கும் வசதியாக இருந்தது.

டாக்டர் நித்திரைக்குப் புரோமைட் எழுதிக் கொடுத்தார். என் கணவர் தனக்கான மருந்தைத் தானே கலந்து கொண்டுவந்தார். முதல் இரண்டு கிழமையும் கட்டை போல நித்திரை கொண்டார். பிறகு அளவைக் கூட்ட வேண்டி வந்தது. முகமெல்லாம் பருப் போட்டது. நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியது. ஒருநாள் மருந்தை அளக்கும்போது கை நடுங்கிக் கண்ணாடிக் குவளை விழுந்து உடைந்தது. இனி அவருடைய பயத்துக்கு உண்மையான காரணமும் கிடைத்துவிட்டது. டாக்டர் புரோமைட்டை நிறுத்தி, வேலைக்கும் வரவேண்டாம், ஆறு மாதம் ஓய்வெடும் என்று அனுப்பிவிட்டார். கிருலப்பனையில் ஒரு வைத்தியர் தலைக்கு எண்ணெய் கொடுத்தார். கோயிலில் நூல் கட்டினோம். எதுவும் பலிக்கவில்லை.

கடைசியாகப் பொரளையில் ஒரு டாக்டரிடம் போனோம். தமிழர்தான், சீமையில் படித்து வந்தவர். அவர் என் கணவரிடம் ஒரு மணித்தியாலம் கதைத்தார். பிறகு அவரை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அவர் கேட்டா நீங்கள் என்ன செய்வீங்கள்?”

“பதில் சொல்லுவன்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தரம்?”

நான் கணக்கு வைத்திருக்கவில்லை. ஐம்பது இருக்கும், அறுபதும் இருக்கும் என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் சொன்னார்: “நித்திரை இல்லாதது அவருடைய வருத்தம் இல்லை. சந்தேகம்தான் வருத்தம். நீங்கள் சொல்லுற பதில் அந்தச் சந்தேகத்துக்குச் சாப்பாடு. இனிச் சொல்லாதையுங்கோ. பக்கத்தில இருங்கோ, கையைப் பிடியுங்கோ. ஆனா தெரியாது எண்டு மட்டும் சொல்லுங்கோ. முதல்ல கூடும். பொறுத்தா இறங்கும்.” எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டேன். தனக்கும் தெரியாது என்றும், இரண்டு பேரில்தான் இப்படிச் சரிவந்து கண்டிருப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன். சம்மதித்தார். அன்று பின்னேரம் கேட்டார். “தெரியாது” என்றேன். முதலில் சிரித்தார். பிறகு கேட்டார், பிறகும் கேட்டார். அறைக்குள் நடந்தார். விடியும்வரை இரண்டு பேரும் கண் மூடவில்லை. இரண்டாம் நாள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். எனக்குத் தன்மேல் வெறுப்பு என்றார். மூன்றாம் நாள் மத்தியானம், கேட்டுக் கேட்டுக் களைத்து, சுவரோடு சாய்ந்தபடியே நித்திரையாகிவிட்டார். மருந்தில்லாமல், என் பதிலும் இல்லாமல் நாலு மணித்தியாலம். நான் அசையாமல் இருந்து பார்த்தேன்.

நாலாம் நாள் காலை, குசினிக்குள் நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது வந்தார். தரையில் முழங்காலில் நின்று என் சேலைத் தலைப்பைப் பிடித்தார். ஒரு தரம், இந்த ஒரே ஒரு தரம், இனிக் கேட்கவே மாட்டேன் என்றார். முப்பத்தாறு வயது மனிதர். குழந்தை போல அழுதார். யன்னலால் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன நினைப்பாள் என்பதும் என் மனதில் ஓடியது. அதை இன்றைக்கு மறைக்க மாட்டேன்.

“நீங்கள் சரியாத்தான் கலந்தனீங்கள்” என்றேன்.

அதற்குப் பிறகு என் ‘தெரியாது’வை அவர் நம்பவில்லை. நான் எப்போது உடைவேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பொரளை டாக்டர் பத்து நாளில் வரச் சொல்லியிருந்தார். வெட்கத்தில் நான் போகவில்லை. என் கணவரும் போவோம் என்று சொல்லவில்லை.

என் கணவரின் தமையனார் வந்து எங்களை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே வீட்டில் ஆறு பேர். என் கணவர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். அன்பான மனிதர்கள், ஒருவரும் பதில் சொல்லாமல் விடவில்லை. பொரளை டாக்டர் சொன்னதைத் தமையனாரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சொந்தப் புருஷனுக்கு ஒரு ஆறுதல் சொல்லக் கஞ்சத்தனமா என்று கேட்டார். அதன் பிறகு நானும் மற்றவர்களைப் போலவே பதில் சொன்னேன். என் கணவர் மெலிந்துகொண்டே போனார். பகலிலும் படுக்கையை விட்டு எழும்பவில்லை. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்த மாரியில் சளிக் காய்ச்சல் வந்து இறந்தார். கடைசி நாளும் கேட்டார். என்ன கேட்கிறார் என்று வாயசைவில்தான் தெரிந்தது.

செத்த வீட்டுக்கு வந்த பெண்கள் என்னைச் சுற்றி இருந்து அழுதார்கள். ஒரு நாளும் முகம் சுளிக்காதவள், அந்த மனுசன் எத்தனை தரம் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்னவள், இப்படி ஒரு பெண்ணை எங்கே காணலாம் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை இருந்தேன்.