கட்டில் காலும் பவளப்பாறையும்

எங்கள் செஞ்சி வீட்டில் நைனாவின், அதாவது எங்கள் அப்பாவின், இரும்புக் கட்டிலுக்கு மேலே ஓர் ஆணி உண்டு. கடலில் முகத்தை அமிழ்த்தி அடியில் இருப்பதைப் பார்க்கிறவர்கள் போடும் நீல மாஸ்க் ஒன்று, மருந்துச் சீட்டுகளோடு சேர்ந்து, அதில் பல வருஷம் தொங்கியது. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி; பக்கத்தில், வாயில் கவ்விக்கொள்ள ஒரு வளைந்த குழாய். அக்கா பாண்டிச்சேரியில் வாங்கியது. "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாதுல்ல?" என்று கடைக்காரரை நாலு தடவை கேட்டாள். "எம்மா, தண்ணி பூந்துச்சுன்னா எடுத்தாந்து என் தலையில ஊத்து" என்று அவர் சொன்ன பிறகுதான் வாங்கினாள். அவ்வளவு தூரம் போனவள் கடற்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படுக்கையில் கிடந்த நைனாவைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தோம். அடுத்த பஸ்ஸிலேயே என்னை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அக்கா அறிவியல் டீச்சராக இருந்தவள். ஒருநாள் வகுப்பில் ஒரு பெண், "பவளப்பாறைன்னா நம்ம ராஜகிரி மலை மாதிரியா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். இல்லை, அது கல் இல்லை, உயிருள்ள சின்னச் சின்னப் பிராணிகள் கட்டிய வீடு என்று அக்கா விளக்கினாள். "நீங்க பாத்துருக்கீங்களா?" என்றாளாம் அந்தப் பெண். பார்த்ததில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது அக்காவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வருஷமே நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போயின. அக்கா வேலையை விட்டாள். நைனா இடது கையில் எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு கட்டில் சட்டத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் திருப்பிப் படுக்க வை. விடாமல் தட்டினால், எங்கே போய்த் தொலைந்தாய் என்று அர்த்தம். பதினோரு வருஷம் அந்தச் சத்தம் எட்டும் தூரம்தான் அக்காவின் உலகம். நானோ சென்னையில் இருந்தேன். மாதம் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, நைனாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறும் உத்தமப் புத்திரன்.

அந்தச் சிறைக்குள் உட்கார்ந்துதான் அவள் பவளம் பார்க்க அந்தமான் போகத் திட்டம் போட்டாள். சும்மா ஆசைக்குப் போட்ட திட்டமா? ஒரு முழு நோட்டு. கடல் எப்போது அமைதியாக இருக்கும், மாசியா பங்குனியா? பக்கத்தில் ஆஸ்பத்திரி எது? வெயிலுக்குப் பூசும் கிரீம் சிலவற்றில் பவளத்துக்கு ஆகாத மருந்து இருக்கிறதாம். அதனால் கிரீமே வேண்டாம், முழுக்கைச் சட்டை போதும். மீனுக்குத் தீனி போடக் கூடாது. செத்த பவளத் துண்டு கரையில் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. படகுக்காரர்களுக்குப் போன் போட்டு, "நங்கூரத்த எங்கங்க போடுவீங்க? பவளத்து மேலயா, மணல்லயா?" என்று விசாரிப்பாள். சிரித்தவர்கள் பெயரை நோட்டில் அடித்துவிடுவாள். கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார்.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "நீச்சல் தெரியலன்னா இன்னாக்கா? பயமா இருந்தா பாறை மேல ஏறி நின்னுக்கோ" என்றேன். ஜன்னலைத் திறந்தால் பாறையில் முழிக்கிற ஊர் எங்களுடையது. பாறை என்றால் எங்களுக்கு ஏறுவதற்கும் உட்காருவதற்கும் உள்ளது. அக்காவுக்கு வந்ததே கோபம்! "பேர்ல பாறை இருந்தா நீ ஏறிடுவியா? ஒரு மிதி மிதிச்சா எத்தினி வருஷம் வளந்தது போவும் தெரியுமா? பொறந்த ஊரு புத்தி!" அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு தட்டில் விழுந்த சத்தமே வேறு.

குழாயில் மூச்சு விடும் பழக்கத்தை முதலில் அசையாத தண்ணீரில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாள். கிணற்றுக்குப் போக நேரம் ஏது? ஒரு மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, கட்டிலை ஒட்டி அண்டா நிறையத் தண்ணீர். அக்கா மாஸ்க்கோடு மண்டியிட்டு அதில் முகத்தை அமிழ்த்தியிருந்தாள். குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு புஸ் புஸ் என்றது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் அவளுடைய இடது கையைப் பார்த்தேன். அது கட்டில் காலைப் பிடித்திருந்தது. காது தண்ணீருக்குள் இருந்தால் நைனா தட்டுவது கேட்காது; ஆனால் இரும்பு அதிர்வது கைக்குத் தெரியும்.

ஒரு மாசிக்கு டிக்கெட் போட்டோம். அவளும் பழைய பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியும் போவதாகவும், அந்த ஆறு நாள் நான் வந்து நைனாவைப் பார்த்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. கிளம்புவதற்கு முதல் நாள் போன் செய்து, "ஆபீஸ்ல ஆடிட்டு, லீவு தரமாட்டேன்றாங்கக்கா" என்றேன். பொய். லீவு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் ஆகியிருந்தது. நைனாவைத் துடைத்துவிட வேண்டும், புண் வராமல் திருப்பிப் போட வேண்டும். அதை என் கையால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். சென்னை அறையில் ஆறு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். "பரவால்லடா, பவளம் எங்க ஓடிடப் போவுது" என்றாள் அக்கா. பிறகு ஒரு நாள், கடல் சூடானால் பவளம் வெளுத்துப்போகும் என்று படித்துவிட்டு, "ஓடாதாம்டா, வெளுத்துப்போவுமாம்" என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

போன வருஷம் நைனா போய்ச் சேர்ந்தார். இந்த மாசியில் நானே அக்காவை அந்தமானுக்கு அழைத்துப் போனேன். அந்த மிஞ்சிய படகுக்காரர் மணலில்தான் நங்கூரம் போட்டார். அக்கா எட்டிப் பார்த்துத் திருப்தியானாள். மிதவைச் சட்டையோடு இருவரும் தண்ணீரில் இறங்கினோம். அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தபடி முகத்தை அமிழ்த்தினாள். கீழே பவளம் மஞ்சளும் ஊதாவுமாக விரிந்து கிடந்தது. நடுநடுவே எலும்பு போல வெளுத்த திட்டுகளும் இருந்தன. அலை ஒன்று தூக்கியதும் என் கால் தன்னால் கீழே பாறையைத் தேடியது. அக்கா வெடுக்கென்று என்னை இழுத்து, தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பினாள். சரி, நடுக்கடலில் அர்ச்சனை என்று நினைத்தேன்.

"டேய், நைனா தட்னாரா?" என்றாள்.

அவள் விரல்கள் என் மணிக்கட்டை அழுத்தியிருந்தன. பயந்தவர்கள் பிடிக்கும் பிடி இல்லை அது. அண்டாப் பக்கத்தில் நான் பார்த்த பிடி.

"இல்லக்கா. தூங்குறாரு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மறுபடி முகத்தை அமிழ்த்தினாள். பிடி தளர்ந்தது, விடவில்லை. படகில் ஏறிய பிறகு, "மாஸ்க்குல தண்ணி பூந்துடுச்சுடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரர் தலையில் ஊற்றலாம் என்று சொல்லவந்தவன், துண்டை எடுத்து நீட்டினேன்.

மாஸ்க் இப்போது பழைய ஆணியில் தொங்குகிறது. கீழே கட்டில் இல்லை. போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த மாசியும் போலாமாக்கா?" என்றேன்.

"உனுக்கு லீவு கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"அந்த ஆறு நாளும் கெடச்சுதான் இருந்துச்சு. 'லீவுல ஊருக்கு வந்துருக்காரே, கொஞ்சம் போன அவர்கிட்ட குடுங்க'ன்னு உன் ஆபீஸ்காரரு அப்பவே இங்க போன் பண்ணாரு" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. "வா, சாப்டலாம். ஆறிடப் போவுது."