கோசோங் பஸ்

அன்று மாலை நான்கு மணிக்கு லாட்ஜின் முன்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். கவுண்டரில் நான். எனக்குப் பின்னால் ரசீதுகளைக் கூட்டிக்கொண்டிருந்த முதலாளி. மாடிப்படியில் துவைத்த விரிப்புகளோடு கமலா, அறைகளைச் சுத்தம் செய்பவர். நாற்காலியில் ஏழாம் நம்பர் அறை ரோசாலி அக்கா, மடியில் பலகாரப் பையுடன். ‘யாராவது சொல்லியிருக்கலாமே’ என்று மனதைத் தேற்றப் பார்க்கும்போதெல்லாம் இந்த நான்கு பேரையும் எண்ணிப் பார்ப்பேன். ஒருவர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

நோட்டுப் புத்தகம்

நான் படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன். ஜார்ஜ்டவுனில், படகுத்துறைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இந்த லாட்ஜுக்குக் கவுண்டர் வேலைக்கு வந்தேன். சேர்ந்த முதல் வாரம், ஈப்போவிலிருந்து வந்த ஒருவர், சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் போகும் கொடிமலைக்கு எந்த பஸ் என்று கேட்டார். நம்பரை மட்டும் சொன்னேன். அவர் நடுவழியில் கொம்தார் நிறுத்தத்தில் ஏறியிருக்கிறார். நிற்கத்தான் இடம். டிரைவர் பிரேக் போட, கம்பியில் மோதி நெற்றி வீங்கித் திரும்பினார். அவர் சிரித்துக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

“பஸ் ஓட்டினது நீயா? ஏன்டா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?” என்றார் முதலாளி.

அதற்குப் பிறகு லீவு நாளில் படகுத்துறை பஸ் நிலையத்தில் போய் நின்றேன். எந்த பஸ் எத்தனை மணிக்கு நிறைகிறது என்று நோட்டில் எழுதினேன். கொம்தாரில் ஏறாதே, பஸ் கிளம்பும் படகுத்துறைக்கே நடந்து போ, உட்கார இடம் கிடைக்கும். உல்லாசக் கப்பல் வந்த நாளில் மாலை வரை கொடிமலை பஸ் பக்கம் போகாதே. இப்படிப் பக்கம் பக்கமாக. ஆள் இல்லாத பஸ்ஸுக்கு நேரே ‘கோசோங்’ என்று மலாயில் எழுதுவேன். காலி என்று எழுதினால் எனக்கு நிம்மதி வராது. திரும்பத் திரும்ப வந்த விருந்தினர்கள் என்னை ‘கோசோங் அண்ணே’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

நாலரை மணி பஸ்

ரோசாலி அக்கா தைப்பிங்கிலிருந்து முட்டிக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்தவர். மறுநாள் காலை ஆறரைக்கு ஊர்க்காரர் ஒருவரின் காரில் திரும்ப வேண்டும். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தம்பி, ஆயர் ஈத்தாமுக்கு நாலரை பஸ்ல போயிரவா?”

அன்று கப்பல் வந்திருந்தது. உடனே தடுத்தேன்.

“ஐயோ, வேணாங்க்கா. கப்பல்காரங்க அத்தன பேரும் கொடிமலைக்கு அதே வழிலதான் போவாங்க. ஊசி போட்ட காலு வேற. அஞ்சு மணிக்கு மேல ஆபீஸ் கூட்டம். ஏழு மணி பஸ்ல போங்க, கோசோங்கா இருக்கும்.”

“கொஞ்ச நேரம் நின்னா பரவால்ல தம்பி...”

“பிரேக் போட்டா என்ன செய்வீங்க?”

படியிலிருந்து கமலா சொன்னார்: “விடுங்கண்ணே, அவங்க போகட்டும். நின்னுகிட்டுப் போனா காலு கழண்டா விழுந்துரும்? யாராச்சும் எந்திரிச்சு எடம் குடுப்பாங்க லா.”

“விழுந்தா நீ வந்து தூக்குவியா?” என்றேன்.

முதலாளி தலை நிமிராமலே, “மணியம் சொன்னா கேளுங்கம்மா. பஸ் ஓட்டுறவனே இவன்கிட்டதான் டைம் கேக்கணும்” என்றார்.

எல்லாரும் சிரித்தோம். ரோசாலி அக்காவும் சிரித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி தம்பி” என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

பஸ்ஸில் மீதி தரமாட்டார்கள், சரியான காசைத்தான் பெட்டியில் போட வேண்டும். அதனால் பத்து வெள்ளி நோட்டைக் கொடுத்துச் சில்லறை கேட்டார். டிராயரில் ஒரு வெள்ளி நோட்டுகள் நான்குதான் இருந்தன; அவற்றைக் கொடுத்தேன். போக இரண்டு, வர இரண்டு. “மீதிய வந்து வாங்கிக்குங்கக்கா” என்றேன்.

இரண்டரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நாலு தடவை மணி கேட்டார். பஸ்ஸுக்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்து, “எடம் கெடைக்கும்க்கா” என்று நாலு தடவையும் சொன்னேன். பிறகு நானே படகுத்துறைக்கு அழைத்துப் போய் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தேன். பஸ்ஸில் மொத்தம் ஐந்து பேர். சந்தோஷமாகத் திரும்பி நடந்தேன்.

பை திரும்பி வந்தது

ஒன்பது மணிக்கு வந்தார். பலகாரப் பை கையிலேயே இருந்தது.

“வீடு கெடைக்கலையாக்கா?”

“கெடைச்சுது தம்பி. பஸ்ஸும் கோசோங். வீடும் கோசோங்.”

அப்போதுதான் சொன்னார். அங்கே அடுக்குமாடி வீட்டில் இருப்பது அவருடைய தங்கை. அம்மா வீட்டை விற்றதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. தங்கை போன் நம்பர்கூடத் தரவில்லை. ‘சாயங்காலம் வரச் சொல்லு’ என்று தன் மகள் மூலமாகச் சொல்லி அனுப்பியது மட்டும்தான்.

“பாயான் லெப்பாஸ் பேக்டரில நைட் ஷிப்டாம், எனக்கு எங்க தெரியும்? மூணு மணிலேருந்து கீழ பஸ் ஸ்டாப்புலயே நின்னாளாம். வர்ற பஸ்ஸெல்லாம் எட்டி எட்டிப் பாத்தாளாம். பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. ஆறு மணிக்கு பேக்டரி பஸ் வந்துருச்சு. ‘எங்கக்கா வரமாட்டா, எனக்குத் தெரியும்’னு சொல்லிட்டு ஏறிட்டாளாம்.”

“இந்தப் பைய அங்கயே குடுத்துட்டு வந்திருக்கலாமேக்கா.”

“அவ கையில குடுக்கத்தானே தம்பி கொண்டாந்தேன்.”

“கார விட்டுருங்கக்கா. நாளைக்குக் காலைல உங்க தங்கச்சி வேல முடிஞ்சு வந்துருவாங்க. நான் லீவு போடுறேன். எட்டு மணி பஸ்ல நானே கூட்டிட்டுப் போறேன்.”

அவர் கேட்டார்: “எட்டு மணி பஸ் கோசோங்கா தம்பி?”

வேலைக்குப் போகும் நேரம். நோட்டைத் திறக்காமலே தெரியும். நிற்கத்தான் இடம். அவர் கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். காலையில் கார் வந்தது, போய்விட்டார்.

ரிஜிஸ்டரில் அவருடைய நம்பர் இருக்கிறது. மூன்று முறை போனை எடுத்தேன். தங்கை இன்னும் பேசவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? வைத்துவிட்டேன்.

கவுண்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விருந்தினர் பஸ் கேட்டால் உடனே நேரத்தைச் சொல்லாதீர்கள். அங்கே உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள், எத்தனை மணி வரை காத்திருப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். கூட்டம் அதற்குப் பிறகு. நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டுக்குள் ஒரு உறையும் இருக்கிறது. மேலே ‘ரோசாலி அக்கா, அறை 7’ என்று எழுதியிருக்கிறேன். அன்று அவர் வாங்க மறந்ததும் நான் கொடுக்க மறந்ததும் அதில் அப்படியே இருக்கிறது. ஆறு வெள்ளி.